காரணம் முடிவாகும் வரை

தூத்துக்குடியில் இறால் உரிக்கும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் வேலை பார்த்த பிளாரன்ஸுக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தான் சாகப்போகிறோம் என்பது தெரிந்தது. அப்போது அவள் கைகள் ஐஸ் தண்ணீரில் இருந்தன. பக்கத்தில் இருந்தவள் மகளின் சடங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று நெஞ்சு தறிகெட்டு அடித்தது. விரல் மரத்தது, தொண்டை அடைத்தது, குழல்விளக்குகள் எல்லாம் தூரமாகப் போயின. எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது, எங்கே என்று தெரியவில்லை. ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டோவில் போட்டு ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. இசிஜி எடுத்துப் பார்த்த இளம் பெண் டாக்டர், இதயம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

"இதுக்கு முன்னால இப்படி வந்திருக்கா?"

"வந்திருக்கு டாக்டர். மூணு மாசமா வருது. இன்னைக்குத்தான் ஆள் பார்க்க விழுந்துட்டேன்."

"இது பதற்ற நோய். நிஜமான நோய்தான், நீங்க நடிக்கல. குணப்படுத்தலாம். ஒரு மாத்திரை, ஒரு ரத்தப் பரிசோதனை, வாரத்துக்கு ஒருநாள் உட்கார்ந்து பேசணும்." டாக்டர் பேனாவைத் திறந்து சீட்டில் பெயரை எழுதினார். பிறகு மேசையின் கண்ணாடிக்கு அடியில் செருகியிருந்த சுற்றறிக்கையைப் பார்த்து, பேனாவை மூடினார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாலன்னா நானே எழுதித் தந்திருப்பேன். இப்ப எங்களுக்கு அதிகாரம் இல்ல. மையத்துக்குப் போகணும்."

மகளிர் பதற்றக் காரண நிர்ணய மையம் அதே வளாகத்தின் பின்புறம், உப்பளங்களைப் பார்த்து நின்றது. பெண்களுக்குப் பதற்ற நோய் ஏன் வருகிறது என்பது தெரியாமலே டாக்டர்கள் ஆளாளுக்கு வைத்தியம் பார்ப்பதாகவும், இது அறிவியலுக்கு உகந்ததல்ல என்றும் யாரோ ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறார். அதன் விளைவாக மையம் வந்தது. இனி ஒரு பெண்ணின் பதற்றத்துக்குக் காரணம் உடலா, சமூகமா என்று முடிவான பிறகே சிகிச்சை. அறுபது சதவீதத்துக்கு மேல் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பிரிவு அவளை எடுத்துக்கொள்ளும். அதுவரை எந்த டாக்டரும் அவளைத் தொடக்கூடாது. மையம் திறந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது. இன்னும் யாருக்கும் முடிவாகவில்லை.

கட்டடத்தின் இடது பக்கம் உயிரியல் பிரிவு. வலது பக்கம் சமூகவியல் பிரிவு. நடுக்கூடத்தில் இரும்பு நாற்காலிகளில் நாற்பது பெண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பதிவு எழுத்தர் ஜெயசிங் நல்ல மனிதர். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. பிளாரன்ஸின் பதினாலு பக்க விண்ணப்பத்தைப் பொறுமையாகப் புரட்டினார்.

"வீட்டுக்காரர் ஒப்புதல் கையெழுத்து எங்கம்மா?"

"அவரு இல்ல சார். நாலு வருஷத்துக்கு முன்னால மணப்பாட்டுக்குத் தெக்க வள்ளம் கவுந்துட்டு. நாலு பேரு போனாங்க. மூணு பேரு உடல் கெடச்சுது. அவரு உடல் கெடைக்கல."

"இறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"உடல் இல்லாமத் தர மாட்டேன்னுட்டாங்க. ஏழு வருஷம் கழிச்சுக் கோர்ட்டுக்குப் போகணுமாம்."

ஜெயசிங் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "அப்போ சட்டப்படி அவரு உயிரோடதாம்மா இருக்காரு. உயிரோட இருக்கவரு கையெழுத்து வேணும்லா."

"அவரு எங்க இருக்காருன்னே எனக்குத் தெரியாது சார்."

"வீட்டு முகவரியில இல்லன்னா, இப்ப இருக்கிற முகவரிய எட்டாம் பக்கத்துல எழுதுங்க."

பிளாரன்ஸ் எட்டாம் பக்கத்தை எடுத்து, பேனாவை வாங்கினாள். பிறகு, 'டெரன்ஸ், மன்னார் வளைகுடா' என்று எழுதினாள். ஜெயசிங் வாங்கிப் படித்துவிட்டு, பின்கோடு விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டினார். கடைசியில் 'ஒப்புதல் நிலுவை' என்று முத்திரை குத்தி, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நேரில் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

உயிரியல் பிரிவின் தலைவர் டாக்டர் அருமைநாயகம் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, அவளுக்குப் பின்னால் இருந்த மாணவர்களைப் பார்த்துப் பேசினார்.

"ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த நோய் ரெண்டு மடங்கு வருது. ஏன்? ஹார்மோன். பூப்பு, மாதவிலக்கு, பேறுகாலம், மாதவிலக்கு நிற்கிற காலம், எல்லாமே புயல் சின்னம். இருபத்தாறு வருஷமா இதை ஆராய்ச்சி பண்றேன். பெண்களுக்குப் பதற்றம் வரக் காரணம், அவங்க பெண்களா இருக்கிறதுதான்னு நிரூபிச்சிருக்கேன்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அம்மாவுக்கு இது இருந்துதா?"

"இடி இடிச்சா எங்க அம்மைக்குக் கை நடுங்கும் சார். சோத்துப் பானைய இறக்க முடியாது."

டாக்டரின் முகம் மலர்ந்தது. "பரம்பரை. எழுதிக்கோங்க."

"இதுக்கு மருந்து இருக்கா சார்?"

"மருந்துங்கிறது கடைசிக் கட்டம்மா. நாம இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம்." தைராய்டு சுரப்பி கூடுதலாக வேலை செய்தாலும் இப்படிப் படபடப்பு வரும் என்று சொல்லி, ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். ரத்தம் எடுக்க சமூகவியல் பிரிவின் தடையின்மைச் சான்று வேண்டும். காரணம் முடிவாகும் முன்பே ரத்தம் எடுத்தால் உயிரியல் பிரிவு முந்திக்கொண்டதாக ஆகிவிடும் என்று அவர்கள் முன்பே ஆட்சேபித்திருந்தார்கள்.

சமூகவியல் பிரிவின் தலைவர் பேராசிரியர் தேவகனி கதர்ச் சேலை கட்டியிருந்தார். பிளாரன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அம்மாவுக்கு ஏன் கை நடுங்குச்சு? அதை மட்டும் அந்தப் பக்கம் கேட்டிருக்க மாட்டாங்க."

"எங்க அப்பா சங்கு குளிக்கப் போவாரு மேடம். இடி இடிக்கும்போது அவரு கடல்ல கெடப்பாரு."

"அப்போ சமூகம். எழுதிக்கோங்க." பேராசிரியர் எழுந்து நின்றார். "நம்ம நாட்டுல பெண்ணைப் பேசவே விடறதில்ல. அப்பன் பேசுவான், புருஷன் பேசுவான், டாக்டர் பேசுவான். அவளுக்கு என்ன வலின்னு யாரும் கேட்கறதில்ல. இந்தப் பிரிவோட நோக்கமே அவளைப் பேசவைக்கிறதுதான்."

இதை அவர் நாற்பது நிமிடம் விளக்கினார். பிளாரன்ஸ் இடையில் மூன்று முறை வாயைத் திறந்தாள். மூன்று முறையும், ஒரு நிமிடம் என்பது போலக் கையைக் காட்டினார். முடிவில், "சரி, உங்க பயத்துக்குச் சமூகக் காரணம் என்னன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"அவரு வராததுதான் மேடம். வெளிய கேட் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடிக்குது. வந்துட்டாருன்னு ஒரு அடி, வரலைன்னு ஒரு அடி."

பேராசிரியர் விண்ணப்பத்தைப் பார்த்தார். "கணவர் உயிரோட இருக்கிறதா போட்டிருக்கே. இறந்ததுக்கு ஆதாரம் இல்லாம இழப்புன்னு நாங்க எடுத்துக்க முடியாதும்மா. இன்னும் மூணு வருஷம் கழிச்சு இதே காரணத்தைச் சொல்லுங்க. கண்டிப்பா எடுத்துக்கலாம். அதுக்கு முன்னால ரத்தம் எடுக்கிற சான்று வேணும்னா கணவர் கையெழுத்தோட வாங்க. பெண் சுயமா முடிவெடுக்கணும்ங்கிறதுல எங்க பிரிவு ரொம்ப உறுதியா இருக்கு. விதி மட்டும்தான் இப்படி இருக்கு."

நடுக்கூடத்தில் பிளாரன்ஸுக்கு அடுத்த நாற்காலியில் ஜெய்னம்பு உட்காருவாள். காயல்பட்டினத்துக்காரி, நாற்பத்தைந்து வயது. கணவர் பீர் முகம்மது பத்தொன்பது வருடமாகச் சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வருவார். பிள்ளைகளை வளர்த்ததும், மாமியாரை வாரம் இருமுறை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனதும், மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்ததும் ஜெய்னம்புதான். எல்லாம் முடிந்து, மாமியாரும் மவுத்தாகி, இனி உட்காரலாம் என்று உட்கார்ந்த வாரத்தில் அவளுக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது.

"வேலை இருந்தமட்டும் வரல பிளாரன்ஸ். பயப்பட எங்க நேரம் இருந்துச்சு. உக்காந்ததும் வந்து புடிச்சுக்கிட்டு," என்றாள்.

கூடத்தில் யாருக்காவது வரும்போது ஜெய்னம்பு எழுந்து போய் எதிரே உட்காருவாள். கையைப் பிடித்து, "என்னயப் பாரு. உள்ள நாலு எண்ணு. வெளிய ஆறு எண்ணு. இது போயிரும். போன வாரமும் போச்சுல்லா," என்பாள். இதை அவளுக்கு முன்பு வந்த ஒருத்தி சொல்லிக்கொடுத்திருந்தாள். ஜெய்னம்பு பிளாரன்ஸுக்குச் சொல்லிக்கொடுத்தாள். மையத்தில் நடந்த ஒரே சிகிச்சை இதுதான். இது பதிவேட்டில் இல்லை.

நான்காம் மாதம் இரு பிரிவுகளும் பிளாரன்ஸின் வீட்டுக்கு ஆய்வுக்கு வந்தன. உயிரியல் குழு தண்ணீரையும் உப்பையும் சோதித்தது. சமூகவியல் குழு ஜன்னல்களை எண்ணியது. பிளஸ் டூ படிக்கும் மகள் ஆனியிடம், அம்மா உன்னை அடிப்பாளா என்று ஒருவர் கேட்டார். அம்மா தூங்குவாளா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு குழுவும் சேர்ந்து கணக்குப் போட்டதில் உடல் ஐம்பது, சமூகம் ஐம்பது என்று வந்தது.

செவ்வாய்க்கிழமைதோறும் லீவு எடுத்ததால் கம்பெனியில் பிளாரன்ஸை நிறுத்திவிட்டார்கள். வேலை போனதைச் சமூகவியல் பிரிவு உடனே குறித்துக்கொண்டு, தன் பக்கத்தை ஐம்பத்து மூன்றாக்கியது. வேலை போன கவலையில் அவள் சாப்பிடாமல் நான்கு கிலோ குறைந்ததும் உயிரியல் பிரிவு மேல்முறையீடு செய்தது. பழையபடி ஐம்பதுக்கு ஐம்பது ஆனது. கோப்பு சென்னைக்குப் போனது.

எட்டாம் மாதம் ஒரு வெற்றி கிடைத்தது. ஜெய்னம்புவுக்கு முடிவாகிவிட்டது. சமூகம் அறுபத்து நான்கு சதவீதம். காரணம், கணவர் ஊரில் இல்லாதது. காரணத்தை நீக்குவதே சிகிச்சை என்பதால், பேராசிரியர் தேவகனி மையத்தின் தாளில் தம்மாம் கம்பெனிக்கு நேரடியாக ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். தங்கள் ஊழியர் அங்கே இருப்பதே இங்கே ஒரு பெண்ணின் நோய்க்குக் காரணம் என்று அதில் இருந்தது. கம்பெனி வம்பு வேண்டாம் என்று பீர் முகம்மதுவைப் பதினெட்டு நாளில் விமானம் ஏற்றிவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஜெய்னம்பு வந்தபோது, அவள் பெயர் பட்டியலில் இல்லை.

"உங்க கோப்பு மூடியாச்சேம்மா. குணமாயிட்டீங்க," என்றார் ஜெயசிங்.

"நேத்துக் காலையில கூட வந்துச்சு சார். முன்னயவிட அதிகமா வருது."

"அதெப்படிம்மா வரும்? காரணத்தைத்தான் எடுத்தாச்சே."

"சார், நான் எனக்காக வரல. அவுகளுக்காக வந்திருக்கேன். வேலை போனதுலருந்து ஒரே இடத்துல உக்காந்திருக்காக. நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை நடுங்குது, செத்துருவேன் செத்துருவேங்காக. வெளிய ஆட்டோவுலதான் இருக்காக."

ஜெயசிங் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். ஆட்டோவின் பின்சீட்டில், இஸ்திரி போட்ட சட்டை அணிந்த ஒருவர் இரண்டு கைகளாலும் நெஞ்சைப் பிடித்தபடி இருந்தார்.

"இது மகளிர் மையம்மா," என்றார் ஜெயசிங் வருத்தத்தோடு. "ஆண்களுக்கு இது வர்றதுக்கு ஏற்பாடு இல்ல."

மையத்தின் இரண்டாம் ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து நிபுணர் ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்தார். பிளாரன்ஸின் ஐம்பதுக்கு ஐம்பதை மேடையிலேயே தீர்த்துவைப்பது நிகழ்ச்சி நிரலில் ஆறாவது. குத்துவிளக்குக்கும் பொன்னாடைக்கும் பிறகு அவளை மேடையில் உட்காரவைத்து, விரலில் நாடித்துடிப்புக் கருவியை மாட்டினார்கள். எண்கள் பெரிய திரையில் தெரிந்தன. எண்பத்தெட்டு.

"பதற்றத்தை நேரில் பார்க்காமல் நிபுணர் எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்?" என்று டாக்டர் அருமைநாயகம் ஒலிபெருக்கியில் கேட்டார். பிறகு கையை அசைத்தார். அரங்கின் ஒலிபெருக்கிகளில் இடி இடித்தது. அதைத் தொடர்ந்து காற்றும் அலையும் வந்தன. நல்ல துல்லியமான ஒலிப்பதிவு.

பிளாரன்ஸ் நாற்காலியின் பிடியைப் பற்றினாள். எண் நூற்றுப் பத்தானது. நூற்று முப்பதானது. அவள் வாய் கோணியது. தோளிலிருந்து விரல் வரை வெடவெடவென்று ஆடியது. எண் நூற்று நாற்பத்தாறைத் தொட்டபோது அரங்கில் கைதட்டினார்கள்.

"பாருங்கள், தூய உடல் எதிர்வினை," என்றார் அருமைநாயகம்.

"அவர் கண்களைப் பாருங்கள். கூட்டத்தில் யாரையோ தேடுகிறார். இது உறவின் எதிர்வினை," என்றார் தேவகனி.

"தண்ணி," என்றாள் பிளாரன்ஸ்.

தாகத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று மேடையில் சிறு விவாதம் எழுந்தது. அதற்குள் ஜெய்னம்பு பின்வரிசையிலிருந்து எழுந்து நடந்து வந்தாள். அவளைப் பார்த்து, நடுக்கூடத்து நாற்காலிகளில் அத்தனை செவ்வாய்க்கிழமைகளும் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மேடையேறினார்கள். ஒருத்தி விரலிலிருந்த கருவியைக் கழற்றினாள். ஒருத்தி ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கினாள். விருந்தினருக்கு வைத்திருந்த தண்ணீரை ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். ஜெய்னம்பு பிளாரன்ஸின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னயப் பாருளா. உள்ள நாலு."

அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போன பிறகு சென்னை நிபுணர் தீர்ப்பு வழங்கினார். அவர் நேர்மையானவர். "இந்தப் பெண்ணின் பதற்றத்துக்கு உடலும் காரணம், வாழ்க்கையும் காரணம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. உலகம் முழுக்க இதுதான் நிலைமை. ஆனா ரெண்டும் காரணமா இருக்கலாம்னு உங்க விதிகள்ல இடமில்லை. அதனால இந்த நோயாளி விதிகளுக்குள்ள வரல," என்றார். விதிகளை ஆராய ஒரு கூட்டுக்குழுவை அறிவித்தார். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

மறுவாரம் நடுக்கூடத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. காத்திருக்கும் பெண்கள் ஒருவரோடொருவர் பேசுவதால் காரணங்கள் ஒன்றோடொன்று கலந்து கணக்கீடு பாதிக்கப்படுகிறது. ஆகவே இனி நாற்காலிகள் ஆறடி இடைவெளியில் சுவரைப் பார்த்துப் போடப்படும்.

அன்று பிளாரன்ஸ் வீட்டுக்கு வந்ததும் ஆனி அவளைக் கூர்ந்து பார்த்தாள்.

"அம்மா, நீ இனிமே அங்க போகாத."

"போகாம? வேற எங்க போக?"

"உனக்கு முதல்ல இசிஜி எடுத்த டாக்டர் இருக்காங்கல்லா, அவங்களப் போய்ப் பார்த்தேன். திருநெல்வேலி பெரியாஸ்பத்திரில இதுக்குன்னு ஓபி இருக்காம். இந்தச் சுற்றறிக்கை நம்ம ஊருக்கு மட்டும்தானாம், அங்க கெடையாதாம். பேரக் கேட்பாங்களாம், என்ன செய்யுதுன்னு கேட்பாங்களாம். அவ்வளவுதானாம்."

"அவ்வளவுதானாமா?" பிளாரன்ஸ் நம்பவில்லை. "கையெழுத்து?"

"உன் கையெழுத்துதாம்மா."

பிளாரன்ஸ் சமையலறைக்குள் போய்விட்டாள். ஆனி பின்னால் போனபோது, அவள் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள். மையத்தில் இத்தனை மாதமாக எந்தக் கேள்விக்கும் அழாதவள்.

பேருந்தில் தனியாக இவ்வளவு தூரம் போக அவளுக்குத் தைரியம் இல்லை. எங்கே ஆள் பார்க்க விழுந்துவிடுவோமோ என்று கடைக்குப் போவதைக்கூட நிறுத்தியிருந்தாள். மூன்று செவ்வாய்க்கிழமைகள் போயின. நான்காவது வாரம் ஜெய்னம்பு காயல்பட்டினத்திலிருந்து வந்து கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பீர் முகம்மதுவுக்கு என்ன செய்கிறது என்று எழுதிய சீட்டும் அவள் பையில் இருந்தது. "எனக்கு மருந்து எழுதுனா அவுகளுக்கும் எழுதுவாக," என்றாள்.

வல்லநாடு தாண்டியதும் பிளாரன்ஸுக்கு வந்துவிட்டது. பேருந்து முழுக்க ஆட்கள். ஜன்னல் பக்கம் காற்று இருந்தும் மூச்சு உள்ளே போகவில்லை.

"அக்கா, நான் இறங்கணும்."

ஜெய்னம்பு எழுந்து கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"இங்கன ஸ்டாப் இல்லம்மா."

"ஸ்டாப் எதுக்குத் தம்பி, இந்தப் பிள்ளைக்கு முடியல. நிறுத்துங்க."

இறக்கிவிட்டுப் பேருந்து போய்விட்டது. உடைமரங்களைத் தவிர நிழல் இல்லை. சாலையோரத்து மைல்கல்லில் பிளாரன்ஸை உட்காரவைத்து, ஜெய்னம்பு தன் துப்பட்டியைக் குடை போலப் பிடித்தாள். நாலு எண்ணினாள், ஆறு எண்ணினாள். பிளாரன்ஸின் பற்கள் தந்தியடித்தன.

அப்போது அவளுடைய போன் அடித்தது. ஆனியாக இருக்கும் என்று அமுக்கிக் காதில் வைத்தாள்.

"வணக்கம்மா, ஜெயசிங் பேசுதேன். மையத்திலருந்து. ஆண்டறிக்கைக்கு ஒரு விவரம் வேணும். நீங்க ஒரு மாசமா வரல. பதற்றம் இப்ப இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தைல சொன்னா போதும்."

பிளாரன்ஸ் வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சு மட்டும் வந்து வந்து போனது.

"ஹலோ? அம்மா?" ஜெயசிங் அவசரப்படுத்தவில்லை. முழுதாக அரை நிமிடம் காத்திருந்தார். "சரிம்மா. புகார் எதுவும் இல்லைன்னு எழுதிக்கிடுதேன். குணமானதுல எங்க எல்லாருக்கும் சந்தோஷம்."

அடங்குவதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. பிளாரன்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஜெய்னம்பு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"எதிர்ப்பக்கம் போய் நின்னா தூத்துக்குடி வண்டி வரும். இன்னொரு நாள் போவோமா? சொல்லு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

தூரத்தில், வெயிலில் நெளிந்துகொண்டு, திருநெல்வேலி போகும் பேருந்து ஒன்று வந்துகொண்டிருந்தது. அங்கே ஸ்டாப் இல்லை. நிறுத்தாமல் போய்விடுவானோ என்று பிளாரன்ஸுக்குப் பயமாக இருந்தது. சாலையில் இரண்டடி முன்னால் போய்க் கையை நீட்டினாள்.